தெற்குப் பக்கத்துச் சருகு

எங்கள் ஊர் ஐயனார் கோயில் காட்டுக்கு நடுவில் ஒரு பாதை போகிறது. கேட்டில் ஆரம்பித்து ஐயனார் சிலை வரைக்கும். அந்தப் பாதைக்கு வடக்குப் பக்கம் என் பொறுப்பு, தெற்குப் பக்கம் என் ஓரகத்தியின் பொறுப்பு என்று காட்டு ஆபீஸ் மேடம் பிரித்துக் கொடுத்தார். என் வீட்டுக்காரரும் அவள் வீட்டுக்காரரும் அண்ணன் தம்பி. மூத்தவருக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். எதைப் பங்கு போட்டாலும் அவள் பங்கு நன்றாக இருக்கும் என்பது கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். எங்கள் மாடும் அவர்கள் மாடும் ஒரே வாரத்தில் கன்று போட்டால் அவளுடையது கிடேரி போடும், என்னுடையது காளை போடும். ஒரே விதையைப் பாதிப் பாதி எடுத்துப்போய் ஊன்றினாலும் அவள் கொடியில்தான் பூசணி காய்க்கும். காட்டைப் பிரித்தபோது மட்டும், இதில் என்ன ஏற்றத்தாழ்வு வந்துவிடப்போகிறது, இரண்டு பக்கமும் அதே மரம், அதே மண்தானே என்று நினைத்தேன்.

கரிக்கலாம்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் இப்போது வயல் குறைந்துவிட்டது. நெல் விளைந்த இடத்தில் மனைக்கல் நட்டு, கலர் கொடி கட்டி, நகர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கற்களுக்கு நடுவில் கோயில் காடு மட்டும் அப்படியே இருக்கிறது. இலுப்பை, நாவல், வீரை, காசாமரம், பாலை என்று யாரும் கோடாலி வைக்காத மரங்கள். காட்டை விட்டு ஒரு குச்சிகூட வெளியே போகக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. கும்பிட்டுவிட்டு வரும் பொம்பளைகள் எல்லைக்கல்லுக்கு உள்ளேயே நின்று முந்தானையை உதறிவிட்டுத்தான் கால் எடுத்து வெளியே வைப்பார்கள். தப்பித்தவறி ஒரு ஆடு உள்ளே போய்விட்டால், அதன் வாயைப் பிளந்து, மெல்லுகிற தழையைப் பிடுங்கி உள்ளே எறிந்துவிட்டு ஓட்டிவருவார்கள். சிலைக்கு முன்னால் ஏற்றுகிற அகல் தவிர உள்ளே நெருப்பும் வைக்கக்கூடாது. பொங்கல் வைப்பதென்றால் எல்லைக்கு வெளியேதான்.

இப்படியே இருந்த காட்டை ஒரு வருஷம் காட்டு ஆபீஸில் இருந்து வந்து பார்த்தார்கள். பாண்டியைச் சுற்றி இந்த மாதிரிக் காடு மிச்சம் இருப்பதே கொஞ்சம்தான், இதைப் பாதுகாக்க வேண்டும் என்றார்கள். ஊர்க்காரர்களும் சம்மதித்தார்கள். கம்பி வேலி போட்டார்கள், கேட் வைத்தார்கள், பச்சைப் பலகை ஒன்று நட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாண்டியிலிருந்து கேமரா மாட்டிக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். காட்டைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் இரண்டு பொம்பளைகள் வேண்டும் என்று மேடம் கேட்டபோது, ஊரில் இளவயதுப் பெண்கள் எல்லாம் வேலைக்குக் கம்பெனி வேனில் போய்விடுகிறவர்கள், ஆகவே எங்கள் இருவரையும் கைகாட்டினார்கள். பாட்டில், பிளாஸ்டிக் கவர் கிடந்தால் பொறுக்க வேண்டும். வேலி ஓரம் நட்ட செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வருகிறவர்களை உள்ளே அழைத்துப் போய்க் காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த வேலை எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்காதவள். பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும் படித்தேன், அங்கேயும் வாத்தியார் கேள்வி கேட்டால் பக்கத்துப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொள்வேன். நடவுக்குப் போனாலும் கடைசி ஆளாக ஓரத்தில் நிற்பேன். என் வீட்டுக்காரர் போன பிறகு மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் தையல் தைக்கிறாள். விடிந்ததிலிருந்து ஜாக்கெட் துணியோடு யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். வருகிற ஒவ்வொருத்தியும் என்னைப் பார்த்து நல்லா இருக்கீங்களா என்று கேட்பாள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும், சொன்னால் அடுத்த கேள்வி வரும். நான் அடுப்படியில் போய் நின்றுகொள்வேன். அடுப்படி மருமகளுடையது. அங்கேயும் நான் இடைஞ்சல்தான். காட்டுக்கு வந்தால் வடக்குப் பக்கத்தில் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எனக்கென்று ஒரு இடம் வாய்த்தது அங்கேதான்.

பாட்டிலும் கவரும் பொறுக்குவது கொஞ்ச நேரத்து வேலை. அதற்குப் பிறகு உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு உட்கார வராது. அதுவும் சாமி இருக்கிற இடத்தில் குப்பையும் சருகுமாகக் கிடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு எப்படி உட்காருவது? வீட்டிலிருந்து தென்னந்துடைப்பம் ஒன்றைக் கொண்டுவந்தேன். முதலில் பாதை ஓரத்தை மட்டும் பெருக்கினேன். அப்புறம் கொஞ்சம் உள்ளே, அப்புறம் இன்னும் உள்ளே. மாசி மாதம் மரம் இலையைக் கொட்டுகிற நேரம். காலையில் பெருக்கிவிட்டுப் போனால் மறுநாள் மறுபடி மூடிக் கிடக்கும். நான் விடவில்லை. வடக்குப் பக்கம் முழுக்க மரத்தடி மரத்தடியாகக் குனிந்து பெருக்கி, துடைப்பத்தின் கோடு மண்ணில் தெரிகிற மாதிரி வைத்தேன். கல்யாண வீட்டு வாசல்கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது.

பெருக்கிய சருகை என்ன செய்வது? வெளியே கொண்டுபோகக்கூடாது. உள்ளே கொளுத்தக்கூடாது. என் பக்கத்திலேயே குவித்தால் காற்று அடித்து மறுபடி பரவும். ஆகவே கூடை கூடையாக அள்ளி, பாதையைத் தாண்டி, தெற்குப் பக்கம் கொட்டினேன்.

இதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவள் பக்கம் ஏற்கெனவே சருகாகத்தான் கிடந்தது. அவள் துடைப்பத்தைத் தொட்டதே இல்லை. வந்ததும் கேட்டுக்குப் பக்கத்தில் இலுப்பை வேரில் உட்காருவாள், வெற்றிலை மடிப்பாள், போகிற வருகிறவர்களிடம் பேசுவாள். நான் கூடையோடு போகும்போது காலை மடக்கி வழி விடுவாள். கொட்டிக்கோ அக்கா, எங்க கெடந்தா இன்னா, ஐயனாருக்குத்தான என்பாள். அவளுடைய சோம்பேறித்தனத்தை எல்லோரும் பார்க்கட்டும் என்று நானும் பாதை ஓரமாகத் தெரிகிற இடத்திலேயே கொட்டுவேன். மேடம் வந்து பார்த்தால் எது வேலை செய்கிறவள் பக்கம், எது உட்கார்ந்திருக்கிறவள் பக்கம் என்று கேட்காமலே தெரிந்துவிடும் அல்லவா?

அந்த மேடத்துக்கு அதிகமாக வர நேரமில்லை. வில்லியனூர் பக்கம் ஏரி வேலை, பாகூர் பக்கம் ஏரி வேலை என்று சுற்றிக்கொண்டிருப்பார். வரும்போதும் என் பக்கத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. கேட்டருகில் நின்று, என் ஓரகத்தி சொல்லுகிற கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறிவிடுவார். நான் துடைப்பத்தோடு கொஞ்சம் தள்ளி நின்றிருப்பேன். ஒரு தடவையாவது உள்ளே வந்து பாருங்கள் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

ஐப்பசி மழை பெய்தது. மழை விட்டு வெயில் வந்ததும் தெற்குப் பக்கம் எங்கு பார்த்தாலும் கன்றாக முளைத்துக் கிடந்தது. சருகைத் தள்ளிக்கொண்டு நாவல் கன்று, இலுப்பைக் கன்று, வீரைக் கன்று. விரல் உயரம், சாண் உயரம். கால் வைக்க இடமில்லை. வண்ணத்துப்பூச்சி, சருகுக்குள் நெளிகிற மரவட்டை, மழைக்கு முளைத்த காளான், எல்லாம் அவள் பக்கம். என் பக்கம் மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடியதில் வேர் எல்லாம் வெளியே துருத்திக்கொண்டு நின்றன. மண் காய்ந்ததும் மெழுகின தரை மாதிரி இறுகிவிட்டது.

அந்தப் பூசணிக்கொடி கதையேதான் இங்கேயும். நான் ராத்திரி சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால் அந்தக் கன்றுகள்தான் கண் முன்னால் வரும். அவள் ஒரு செடி நட்டாளா, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாளா? இலுப்பை வேரில் உட்கார்ந்து வெற்றிலை போட்டவளுக்குக் காடு முளைக்கிறது. இடுப்பு ஒடியக் குனிந்தவளுக்குக் கட்டாந்தரை. சாமிக்குக்கூடப் பேசுகிறவளைத்தான் பிடிக்கும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போதாததற்கு ஆறுமணிக்குருவியும் வந்தது. குளிர் மாதத்தில் வடக்கே இருந்து வருகிற குருவி. பச்சை முதுகு, வாலுக்கு அடியில் சிவப்பு. காலையும் சாயந்திரமும் விசில் அடிப்பது போலக் கத்தும். அதற்கு மரத்தில் வேலை இல்லை. தரையில் தத்தித் தத்திப் போய், சருகைப் புரட்டிப் புழு தின்னும். சருகு எங்கே இருக்கிறதோ அங்கே போகும். எங்கே போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதைப் படம் எடுக்கப் பாண்டியிலிருந்து விடிவதற்கு முன்னே வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் தெற்குப் பக்கம் பார்த்துக் குந்தியிருந்தார்கள். எனக்கு அத்தனை பேருடைய முதுகுதான் தெரிந்தது. என் ஓரகத்தி வாயில் விரலை வைத்து, சத்தம் போடாதீங்கபா, என் குருவி பயந்துரும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். என் குருவியாம்!

தை பிறந்ததும் மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். வருகிற வருஷம் ஒரு ஆளுக்குத்தான் சம்பளம் வரும், ஒருத்தரைத்தான் வைத்துக்கொள்ள முடியும், யார் என்பதை மாசி மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்றார். சொல்லும்போது அவருக்கே கஷ்டமாக இருந்தது. பாண்டியிலிருந்து ஒரு காலேஜ் பிள்ளைகளும் அவர்களுடைய புரொபசரும் வரப்போகிறார்கள், அவரவர் பக்கத்தை அவரவர் சுற்றிக் காட்டுங்கள், அவர் காட்டையும் பார்த்துச் சொல்லட்டும் என்றார்.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அவளுக்கு வீடு இருக்கிறது, வீட்டுக்காரர் இருக்கிறார், தெருவில் எந்த வாசலில் போய் நின்றாலும் உட்கார் என்பார்கள். எனக்கு இந்த வடக்குப் பக்கத்தை விட்டால் அடுப்படி ஓரம்தான். காட்டில் தனியாகப் பேசிப் பார்த்தேன். இது நாவல், இது வீரை, இதன் பழத்தை மைனா தின்னும் என்று மரத்தைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். யாரும் இல்லாதபோது நன்றாகவே வந்தது.

பிள்ளைகள் வந்த அன்றைக்கு முந்தின நாளே என் பக்கம் முழுவதையும் பெருக்கினேன். ஒரு இலை இல்லை. முதலில் தெற்குப் பக்கம் போனார்கள். அவள் பாதை ஓரத்திலேயே நின்றுகொண்டாள், குரல் என் பக்கம் வரைக்கும் கேட்டது. இந்த மரத்துப் பட்டையை அரைச்சிப் போட்டா சர்க்கரை எறங்கிடும் என்றாள். அது அவளாகவே சேர்த்துக்கொண்டது. இந்த மரத்துல ஏறித்தான் ஐயனார் திருடனைப் புடிச்சாரு என்றாள். அதுவும் அப்படித்தான். பிள்ளைகள் சிரித்துச் சிரித்துக் கேட்டார்கள். அவள் விடுகிற கதையைக் கேட்டுக்கூட எனக்கு வயிறு எரிந்தது. இல்லாததைக்கூட இவ்வளவு பேச முடிகிறதே, இருப்பதைச் சொல்ல எனக்கு முடியவில்லையே என்று.

அப்புறம் என் பக்கம் வந்தார்கள். ஒரு பெண் பிள்ளை என்னைப் பார்த்து, இது இன்னா மரம் ஆயா என்று மரியாதையாகத்தான் கேட்டாள். அது வீரை. எனக்குத் தெரியும். அத்தனை கண்ணும் என் மேல் இருந்தன. 

"மரம்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. அந்தப் பெண் சரி ஆயா என்று தலையாட்டிக்கொண்டு நகர்ந்தாள்.

புரொபசர் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். குனிந்து மண்ணைக் கையால் தட்டிப் பார்த்தார். பாதையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சருகுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னார். சருகுதான் காட்டுக்குப் போர்வை, அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மட்கி எருவாகும், கீழே விழுந்த விதை அதற்குள் தங்கித்தான் முளைக்கும், சருகோடு விதையையும் சேர்த்து வாரிவிட்டால் இந்த மரங்களுக்குப் பிறகு இங்கே மரம் கிடையாது என்றார். நல்ல மனிதர். என்னைக் குறை சொல்லுகிற மாதிரி சொல்லவில்லை. மேடம்தான், இந்தப் பக்கத்தைப் பெருக்கினது யார் என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் ஓரகத்தி முந்திக்கொண்டாள். "எங்க அக்காதான் மேடம். அதுக்குக் கை சும்மா இருக்காது. காட்டையே வூடு மாதிரி கூட்டி வெச்சிரும்."

அவள் எனக்குப் பரிந்து சொன்னாளா, என்னைக் காட்டிக் கொடுத்தாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. குரல் பரிந்து பேசுகிற குரல்தான். ஆனால் பிள்ளைகள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் என் வாயைத் திறந்தது. நான் வயதுக்கு வந்த பிறகு அத்தனை பேர் நடுவில் உரக்கப் பேசியது அன்றைக்குத்தான்.

"அந்தச் சருவு எல்லாம் என்னுது. எம்பக்கத்து எல. நான் வாரிப் போட்டது. அவ ஒரு எலயக்கூட நகத்தல மேடம், அவ உள்ள கால் வெச்சே நான் பாத்ததில்ல."

 புரொபசர் முகத்தில் வெளிச்சம் வந்தது. அப்படியா அம்மா, எத்தனை மாதமாகப் போட்டீர்கள், எந்த இடம் வரைக்கும் போட்டீர்கள் என்று கேட்டார். ஒரு பக்கத்து விதையும் சருகும் மறுபக்கம் சேர்ந்ததால்தான் அங்கே இவ்வளவு அடர்த்தி, இதைப் படிக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொன்னார். சரி, நியாயம் கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன். மேடம் என் ஓரகத்தியிடம், நீங்கள் உள்ளேயே போகமாட்டீர்களா என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தலை குனிந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அதான்மா வேணும்" என்றார் மேடம். "காட்டுக்குள்ள ஆள் போவாம இருக்கறதுதான் பாதுகாப்பு. நீங்க பண்ணது கரெக்ட்."

 வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தேன், அதுவும் அவளுக்கே போய்ச் சேர்ந்தது.

மாசியில் முடிவு சொன்னார்கள். வருகிறவர்களிடம் பேசத் தெரிந்த ஆள் வேண்டும், ஆகவே அவள். எனக்கு வயதாகிவிட்டது, இனிமேல் வெயிலில் அலைய வேண்டாம், ஓய்வாக இருங்கள் என்று மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவளுக்கும் எனக்கும் பெரிய வயது வித்தியாசம் ஒன்றும் இல்லை. அவள் மயிருக்குச் சாயம் போடுகிறாள், நான் போடுவதில்லை. அவ்வளவுதான். மறுபடி வந்திருந்த காலேஜ் பிள்ளைகள் கைதட்ட, எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். அதைவிட அந்த மரத்தடியிலேயே உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

அதோடு விட்டார்களா? பாதையில் ஒரு பலகை நட்டார்கள். வடக்கே அம்புக்குறி போட்டுச் சருகு அகற்றப்பட்ட பகுதி என்றும், தெற்கே அம்புக்குறி போட்டுச் சருகு அகற்றப்படாத பகுதி என்றும் எழுதியிருந்தது. வருகிறவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். நான் அதைப் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை, விளக்குப் போடப் போனபோது. கேட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். பாண்டிக்காரக் குடும்பம் ஒன்று வந்திருந்தது. அவர்களைக் கூட்டிப்போய்ப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, இது எங்க அக்கா கூட்டுன பக்கம், இது நான் பாத்துக்கற பக்கம், வித்தியாசத்த நீங்களே பாருங்க என்றாள். அந்தப் பொம்பளை என் பக்கத்தைப் பார்த்து ச்சு என்றாள். நான் மரத்துக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். விளக்குப் போட்டுவிட்டு, எல்லைக்கல்லில் முந்தானையை உதறிவிட்டு, வேறு வழியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன்பிறகு போகவில்லை.

வீட்டில் இருந்தேன். மருமகளிடம் ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள், வேலைக்குப் போகலையா ஆயா என்று கேட்டார்கள். ஒவ்வொருத்தியும் கேட்டாள். மருமகளே பாவம் பார்த்து, அத்தைக்கு முட்டிவலி என்று எனக்காகச் சொல்லத் தொடங்கினாள். இல்லாத முட்டிவலிக்கு ஆளாளுக்குத் தைலம் சொன்னார்கள். பங்குனி வெயில் ஏறியது. ஒரு தூறல் இல்லை. மாடியில் துணி காயவைக்கப் போனால் மனைக்கற்களுக்கு அந்தப்பக்கம் காடு தெரியும். அவள் பக்கத்துக் கன்றுகளுக்கு இந்த வெயிலில் என்ன ஆகியிருக்கும் என்று நினைப்பு ஓடும். காயட்டும் என்று நினைப்பேன். காய்ந்துபோனால் அப்போது தெரியும் யார் வேலைக்காரி என்று. பிறகு துணியை எடுக்கப் போகும்போது மறுபடி பார்ப்பேன்.

ஒரு மத்தியானம் அவளே வந்தாள். சோறு தின்றாயா என்றாள், முட்டிவலி எப்படி இருக்கிறது என்றாள். தெருவில் நடந்தது, மதகடிப்பட்டில் ஒரு கல்யாணத்தில் பந்திக்கு அடித்துக்கொண்டது என்று எல்லாம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இவள் வந்தது இதற்கில்லை என்று எனக்குத் தெரியும். கடைசியில் வந்தது விஷயம். கன்றுகள் வாடுகின்றனவாம். மேடம் வந்து பார்த்துவிட்டு, உள்ளே இருக்கிற கன்றுக்கும் மழை வரைக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும், சித்திரை கழித்து எது உயிரோடு இருக்கிறது என்று பார்க்க வருவேன், நாங்கள் சொல்லுகிற மாதிரி பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் வேறு ஊர் ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

ஊற்று என்றேன்.

அவள் கொஞ்சநேரம் வெற்றிலைப் பையின் நாடாவைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு உள்ள போவ பயம்க்கா. கல்யாணமான புதுசுல ஒங்க மாமியா சொல்லும், உச்சி வேளைல ஐயனாரு உள்ள வேட்டைக்குச் சுத்துவாருன்னு. அதுலருந்து தனியா பாதைய வுட்டு ஒரு அடி உள்ள வெச்சதில்ல."

மாமியாரை அவள் உங்கள் மாமியார் என்றது எனக்குச் சிரிப்பாக வந்தது. அந்த அம்மாளுக்கு இவள்தான் செல்ல மருமகள். நான் சிரிக்கவில்லை.

"ஒரு வருசமா இருந்தியே" என்றேன்.

"நீ இருந்த. ஒன் தொடப்பம் சத்தம் கேக்கும். அது கேட்டுக்கினே இருந்தா வேலி ஓரம் போயி கவரு பொறுக்கிட்டு வந்துருவேன். நின்னுச்சின்னா ஓடியாந்துருவேன். இப்ப அங்க ஒரு சத்தமும் இல்லக்கா."

சோம்பேறி என்று ஒரு வருஷம் அவளைத் திட்டியிருக்கிறேன். பயந்தவளாம். அந்தப் பயத்துக்குத்தான் மேடம் கரெக்ட் என்று சொன்னது. அந்தப் பயத்துக்குத்தான் வேலை, பலகை, குருவி எல்லாம். என் பயத்துக்கு ஒரு சால்வை. நாலு பேர் முன்னால் பேச எனக்கும் பயம்தானே? ஒருத்தியின் பயத்தில் காடு முளைக்கிறது, இன்னொருத்தியின் பயத்தில் வேலை போகிறது. இதை யாரிடம் போய்க் கேட்பது?

வருகிறேன் என்று உடனே சொல்லவில்லை. அவள் எழுந்து நின்றாள், மறுபடி உட்கார்ந்தாள். வரட்டுமா என்றாள், போகவில்லை. அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்து, அதை அவள் கேட்டு நிற்பது எனக்குப் புதிது. கொஞ்சம் நேரம் அதை அனுபவித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு, பலகைக்கு முன்னால் நின்று அக்கா கூட்டின பக்கம் என்று யாரிடமும் சொல்லக்கூடாது, அதற்குச் சம்மதித்தால் வருகிறேன் என்றேன். ஐயனார் மேல் சத்தியம் என்றாள். சம்பளத்தில் பாதி தருகிறேன் என்றாள். அதை அவள் தருவதும் தராததும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. அதற்காக நான் போகவில்லை.

மறுநாள் காலையில் போனேன். துடைப்பத்தைக் கொண்டுபோகவில்லை. வேலிக்கு வெளியே இருக்கிற கைப்பம்பில் குடம் பிடித்து, இடுப்பில் வைத்துக்கொண்டு தெற்குப் பக்கம் உள்ளே நுழைந்தேன். ஒரு வருஷமாகப் பாதையில் நின்று கொட்டியதோடு சரி, நான் அதற்குள் போனதில்லை. கணுக்கால் புதையச் சருகு. மேலே மொறுமொறுவென்று இருந்தாலும் காலை அழுத்தினால் அடியில் சில்லென்று இருந்தது. பாதை ஓரக் கன்றுக்கு மட்டும் அவள் தண்ணீர் காட்டியிருந்தாள். உள்ளே இருந்தவற்றில் பாதி தலை சாய்ந்துவிட்டன. ஒவ்வொன்றாக, சருகை விலக்கி, ஒரு சொம்பு ஊற்றி, சருகை மறுபடி இழுத்து மூடினேன். சில வீரைக் கன்றுகளைப் பார்க்கும்போது, இதன் விதை என் பக்கத்து மரத்திலிருந்து வந்தது, என் கூடையில் ஏறி வந்தது என்று தோன்றும். அவற்றுக்கு இன்னொரு சொம்பு ஊற்றுவேன். அவள் பக்கத்துப் பாலை மரத்திலிருந்து விழுந்ததுக்கு ஒரு சொம்புதான். அதுவும் பிழைத்துக்கொண்டது.

அவள் சத்தியம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்ததும் பலகைக்கு முன்னால் நின்று பழையபடி ஆரம்பித்துவிட்டாள். உள்ளே இருந்து எனக்குக் கேட்டது. அக்கா என்று சொல்லாமல், ஒரு வயசானவங்க கூட்டுன பக்கம் என்று சொன்னாள். அவளைப் பொறுத்தவரை அது சத்தியத்தைக் காப்பாற்றிய மாதிரி.

சித்திரை முடிந்து மேடம் வந்தார். கன்றுகள் நின்றிருப்பதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம். சூப்பர்மா என்று அவள் தோளைத் தட்டினார். அப்போது நான் குடத்தோடு சருகுக்குள்ளிருந்து வெளியே வந்தேன். நீங்களும் வருகிறீர்களா அம்மா என்று மேடம் கேட்டார். நான் சொல்லுவதற்குள், அதுக்கு வூட்ல பொழுது போவலியாம் மேடம் என்று அவள் சொல்லிவிட்டாள். நல்லது, நல்லது, காட்டுக்கு ஆள் வந்துபோகட்டும் என்றார் மேடம். பார்க்க வருகிறவர்களில் ஒருத்தியாக என்னையும் சேர்த்துவிட்டார். அவளையும் என்னையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்தார்கள். அதில் அவள் முன்னால் நிற்கிறாள், குடம் பாதி தெரிகிறது.

இப்போதும் தினமும் போகிறேன். வடக்குப் பக்கத்தை இந்த வருஷம் யாரும் பெருக்கவில்லை. அதில் விழுகிற இலை அங்கேயே கிடக்கிறது. நான் வேலை செய்வது தெற்குப் பக்கம்தான், அவள் பங்கு என்று எல்லோரும் சொல்லுகிற பக்கம். அவள் கேட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள். வெயில் ஏறி, ஆட்கள் எல்லாம் போய், காட்டில் சத்தம் அடங்குகிறபோது அங்கிருந்து கூப்பிடுவாள்.

"அக்கா, இருக்கியா?"

எனக்கு நன்றாகக் கேட்கும். குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நிற்பேன். ஒரு கன்றைச் சுற்றிச் சருகை இழுத்துவிடுவேன். இன்னொரு தடவை கூப்பிடுவாள், இந்தத் தடவை குரல் கொஞ்சம் ஏறியிருக்கும். அதற்கும் பதில் சொல்லமாட்டேன். மூன்றாவது தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். மூத்தவள் பெயரை அவள் வேறெங்கும் சொல்லமாட்டாள். அப்புறம்தான் இருக்கிறேன் என்று குரல் கொடுப்பேன்.